வீட்டுக் கருவிகளை எந்தக் கம்பியில்லாத் தரத்தில் இணைப்பது: வைஃபை முதல் மேட்டர் வரை

ஸ்மார்ட் பல்பு, கதவு சென்சார், கேமரா, பூட்டு என எதை வாங்கினாலும் அதன் பெட்டியில் வைஃபை, புளூடூத், ஜிக்பீ, த்ரெட், மேட்டர் ஆகியவற்றுள் ஒன்றிரண்டு அடையாளங்கள் அச்சிடப்பட்டிருக்கும். வாங்குவோர் பெரும்பாலும் விலையையும் நிறுவனத்தின் பெயரையும் பார்த்துவிட்டு அந்த அடையாளத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மின்தடைக்குப் பிறகு கருவி தானாக இணையுமா, பேட்டரி எத்தனை மாதம் தாங்கும், வீட்டில் கருவிகள் பெருகும்போது இணைப்பு தள்ளாடுமா என்பவற்றையெல்லாம் பெருமளவு தீர்மானிப்பது அந்தச் சிறு அடையாளமே. ஆகவே கருவியை வாங்கிய பின் இணைப்பைப் பற்றி யோசிப்பதைவிட, இணைப்பைத் திட்டமிட்ட பின் கருவியை வாங்குவதே நல்லது.

ஒவ்வொரு கருவியைப் பற்றியும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது எவ்வளவு தரவை அனுப்புகிறது? அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அதற்கும் ரூட்டருக்கும் இடையில் என்னென்ன இருக்கின்றன? முழு எச்டி கேமரா ஒன்று நொடிக்குச் சில மெகாபிட் அளவில் இடைவிடாமல் படம் அனுப்பும். அதற்கு வைஃபையோ ஈதர்நெட் கம்பியோதான் ஈடுகொடுக்கும். கதவு சென்சார் நாள் முழுவதும் காத்திருந்து, கதவு திறக்கும் கணத்தில் சில பைட்டுகள் மட்டுமே அனுப்பும். அதை வைஃபையில் வைத்தால் தரவுக்குப் பயனின்றி பேட்டரிதான் தீரும். படமும் ஒலியும் சுமப்பவை வைஃபைக்கு, ஓரிரு சொல் மட்டும் பேசுபவை குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஜிக்பீக்கோ த்ரெட்டுக்கோ: இப்படிப் பிரித்துக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

முதலில் வைஃபையைச் சீராக்குங்கள்

வைஃபையின் அடிப்படை, மின்பொறியாளர்களின் உலகச் சங்கமான ஐஇஇஇ வகுத்த 802.11 என்னும் தரம். 1997-இல் அது வெளியானபோது வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. பிறகு வந்த தரங்களின் எழுத்துப் பெயர்கள் வாங்குவோரைக் குழப்பியதால், வைஃபை கருவிகளுக்குச் சான்றளிக்கும் வைஃபை அலையன்ஸ் அமைப்பு 2018-இல் எண் பெயர்களை அறிவித்தது. 2009-இல் வந்த 802.11என் வைஃபை 4 ஆகவும், 2013-இல் வந்த 802.11ஏசி வைஃபை 5 ஆகவும், அடுத்து வந்த 802.11ஏஎக்ஸ் வைஃபை 6 ஆகவும் ஆயின. வைஃபை 7-க்கான சான்றிதழ் 2024 ஜனவரியில் தொடங்கியது.

வீட்டுக் கருவிகளைப் பொறுத்தவரை இந்த எண்களைவிட அலைவரிசையே முக்கியம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை ஓரளவு ஊடுருவிச் செல்லும். வேகம் குறைவு, நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் இரண்டு கான்கிரீட் சுவர்களுக்குள் வெகுவாகத் தேய்ந்துவிடும். ஸ்மார்ட் பல்புகள், பிளக்குகள், ஏசிகள் ஆகியவற்றுள் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்குபவை. அவற்றின் உள்ளே இருப்பது பெரும்பாலும் வைஃபை 4 சிப்தான். அவற்றின் வேலைக்கு அது தாராளம். எனவே பல்புகளுக்காக வைஃபை 7 ரூட்டர் வாங்குவது வீண் செலவு என்பதே என் உறுதியான கருத்து. இரண்டு அலைவரிசைகளும் உள்ள நல்ல வைஃபை 6 ரூட்டர் ஒரு நடுத்தர வீட்டுக்குப் போதும். வைஃபை 6இ, 7 ரூட்டர்கள் பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கான அனுமதி நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்கா 2020-இல் அதை முழுமையாகத் திறந்தது. ஐரோப்பா அதன் கீழ்ப்பகுதியை மட்டுமே திறந்தது. வெளிநாட்டிலிருந்து ரூட்டர் வாங்கி வருபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று செய்ய வேண்டியவை சில உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலின், அதாவது அலைவரிசைக்குள் ரூட்டர் பயன்படுத்தும் துண்டின், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 40 என்று வைத்தால், ஏற்கெனவே குறுகலான அந்த அலைவரிசையில் ஏறக்குறைய பாதியை உங்கள் ரூட்டரே விழுங்கிவிடும். உங்கள் வீட்டு ஜிக்பீக்கும் அண்டை வீட்டாருக்கும் இடம் இருக்காது. சேனலைத் தானியங்கித் தேர்வில் விடாமல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக நிலைப்படுத்துங்கள். ஒன்றன்மீது ஒன்று ஏறாதவை இந்த மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் கைப்பேசியில் ஏதேனும் வைஃபை அளவீட்டுச் செயலியைத் திறந்து, அக்கம்பக்கத்து ரூட்டர்கள் மிகக் குறைவாக உள்ள சேனலைத் தேர்ந்தெடுக்கலாம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, வைஃபைக்கான பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2-ஐ ஏஇஎஸ் குறியாக்கத்துடன் வைப்பது குறைந்தபட்சத் தேவை. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய பல்புகளும் பிளக்குகளும் இணையவே மறுக்கும். பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்கப் பின் எண்ணைக் கொண்டோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அந்தப் பின் எண்ணை எளிதில் கண்டுபிடிக்க முடியும் என்பது 2011-லேயே வெளிப்பட்டுவிட்டது. நெட்வொர்க்கின் பெயரில் இடைவெளிகளையும் தமிழ் எழுத்துகளையும் தவிர்த்து, ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் மட்டும் பயன்படுத்துங்கள். சில மலிவுக் கருவிகளுக்கு மற்றவை புரிவதில்லை.

புதிய பல்பு இணையவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையான காரணம் ஒன்றுதான்: ரூட்டர் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கும், கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும், பல்புக்கோ 2.4 மட்டுமே தெரியும். அப்போது 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் அணைத்துவிட்டு இணைத்துப் பாருங்கள். ரூட்டரில் அதற்கு வழி இல்லையென்றால், 2.4-இல் மட்டும் இயங்கும் தனிப் பெயர் ஒன்றை உருவாக்கி, வீட்டுக் கருவிகள் அனைத்தையும் அதில் சேருங்கள். இணைய நிறுவனம் இலவசமாகக் கொடுக்கும் ரூட்டர்களில் பல, ஒரே நேரத்தில் ஏராளமான கருவிகளைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். அறைக்கு நான்கு வைஃபை பல்புகள் என்று மாட்டிக்கொண்டே போனால், கடைசியில் மடிக்கணினிக்கும் தொலைக்காட்சிக்குமே இணைப்பு திணறும்.

ஜிக்பீ: சிறு கருவிகளின் வலைப்பின்னல்

ஜிக்பீயின் ரேடியோ அடிப்படை 2003-இல் வெளியான ஐஇஇஇ 802.15.4 தரம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அதன் உச்ச வேகம் நொடிக்கு 250 கிலோபிட். வேகத்தை விட்டுக்கொடுத்ததால் அதற்குக் கிடைத்தது மின் சிக்கனம்: பொத்தான் வடிவ பேட்டரி ஒன்றில் கதவு சென்சார் ஓராண்டும் அதற்கு மேலும் ஓடும். இதைப் பராமரிக்கும் அமைப்பு 2002-இல் ஜிக்பீ அலையன்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 2021-இல் கனெக்டிவிட்டி ஸ்டாண்டர்ட்ஸ் அலையன்ஸ் என்று பெயர் மாறியது. ஜிக்பீ கருவிகள் நேரடியாக ரூட்டருடன் பேசுவதில்லை; இடையில் அவற்றை ரூட்டருடன் சேர்த்துவைக்கும் ஹப் என்னும் பெட்டி வேண்டும். பலர் அதைக் கூடுதல் தொல்லையாக நினைக்கிறார்கள். ஆனால் முப்பது சென்சார்களும் பல்புகளும் வைஃபைக்கு வெளியே ஒதுங்கி நிற்க, ரூட்டரின் கணக்கில் ஒரே ஒரு கருவிதான் சேர்கிறது என்பதால், அந்த ஹப்பின் விலை நியாயமானதே.

ஜிக்பீயின் பலம் வலைப்பின்னல். நிலையான மின் இணைப்பில் உள்ள ஒவ்வொரு பிளக்கும் பல்பும் தன் அருகிலுள்ள கருவியின் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். பேட்டரியில் ஓடுபவை கடத்துவதில்லை. தம் செய்தியை அனுப்பிவிட்டு உறங்கிவிடும். இதிலிருந்து இரண்டு நடைமுறை விதிகள் பிறக்கின்றன. முதலாவது, இணைக்கும் வரிசை: ஹப்பை நிறுவிய பின், அதற்கு மிக அருகிலுள்ள பிளக்கிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக மின் இணைப்புள்ள கருவிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள், பேட்டரி சென்சார்களை அதன் பிறகே சேருங்கள், அதுவும் அவை நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்தில் வைத்தே சேருங்கள். ஹப்பின் பக்கத்தில் வைத்து இணைத்துவிட்டு மாடிக்கு எடுத்துச் சென்றால், சில சென்சார்கள் பழைய பாதையையே பிடித்துக்கொண்டு தொடர்பை இழந்துவிடும்.

இரண்டாவது விதி நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்துவது. அறையை விட்டு வெளியேறும்போது சுவர் சுவிட்சை அணைப்பது நம் பழக்கம். ஸ்மார்ட் பல்பு அந்தச் சுவிட்சின் வழியே மின்சாரம் பெறுகிறது என்றால், சுவிட்ச் அணைந்ததும் பல்பு மட்டுமல்லாமல், அதன் வழியே செய்தி அனுப்பிக்கொண்டிருந்த பால்கனி சென்சாரும் துண்டிக்கப்படும். ஆகவே வலைப்பின்னலைச் சுமக்கும் பொறுப்பைப் பல்புகளிடம் விடாதீர்கள். எப்போதும் மின்சாரம் உள்ள இரண்டு மூன்று பிளக்குகளை வீட்டின் நடுப்பகுதிகளில் வைத்து அவற்றிடம் ஒப்படையுங்கள். சுவர்ப் பெட்டிக்குள் பொருத்தும் ஸ்மார்ட் சுவிட்ச் வாங்குவதாக இருந்தால், அந்தப் பெட்டியில் நியூட்ரல் கம்பி உள்ளதா என்று எலக்ட்ரீஷியனை மெயினை அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரல் இல்லாமல் இயங்கும் ஜிக்பீ சுவிட்சுகள் பொதுவாகப் பிற கருவிகளின் செய்தியைக் கடத்துவதில்லை.

அடுத்தது சேனல் கணக்கு. பலரும் தவறவிடுவது இதைத்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வைஃபை சேனல் 1-இன் மையம் 2412 மெகாஹெர்ட்ஸ். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அது 2402 முதல் 2422 வரை பரவும். சேனல் 6 என்பது 2427 முதல் 2447 வரை. சேனல் 11 என்பது 2452 முதல் 2472 வரை. ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை 16 சேனல்கள் உண்டு; 11-இன் மையம் 2405, அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 5 கூடும். அப்படியானால் ஜிக்பீ 15 விழுவது 2425-இல், 20 விழுவது 2450-இல், 25 விழுவது 2475-இல். மூன்றும் வைஃபை சேனல்களுக்கு இடையிலோ அப்பாலோ உள்ள இடுக்குகள். உங்கள் ரூட்டர் 1-இலோ 6-இலோ இருந்தால் ஜிக்பீயை 25-இல் வையுங்கள். ரூட்டர் 11-இல் இருந்தால் 15-இல் வையுங்கள். சேனல் 26 வைஃபையிலிருந்து இன்னும் விலகியிருந்தாலும், சில கருவிகள் அதில் குறைந்த சக்தியிலேயே அனுப்பும் அல்லது அதை ஏற்கவே ஏற்காது. பிலிப்ஸ் ஹியூ விளக்குகளின் ஹப்பான ஹியூ பிரிட்ஜ் 11, 15, 20, 25 ஆகிய நான்கில் ஒன்றையே பயன்படுத்துகிறது; அதன் செயலியிலிருந்தே மாற்றலாம். வேறு பல ஹப்களில் பின்னாளில் சேனலை மாற்றினால் சில கருவிகளை மறுபடி இணைக்க வேண்டிவரும். அதனால் முதல் கருவியைச் சேர்ப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

கணினியில் யூஎஸ்பி குச்சியாகச் செருகும் ஜிக்பீ ரேடியோவைப் பயன்படுத்துபவர்கள், அதை யூஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் செருக வேண்டாம். யூஎஸ்பி 3-இன் தரவுப் பரிமாற்றமே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை எழுப்பும் என்பதை இன்டெல் 2012-இல் வெளியிட்ட அறிக்கையில் விளக்கியது. ஒரு மீட்டர் நீளமுள்ள நீட்டிப்புக் கம்பியை யூஎஸ்பி 2 துளையில் மாட்டி, ரேடியோவைக் கணினியையும் ஹார்ட் டிஸ்க்கையும் விட்டுத் தள்ளி வையுங்கள். அடிக்கடி துண்டிக்கப்படும் சென்சார்கள் இந்த ஒரு மாற்றத்தாலேயே சீராகிவிடுவதுண்டு.

இசட்-வேவ் என்ற தரமும் உண்டு. டென்மார்க்கில் தோன்றிய இது 2.4 கிகாஹெர்ட்ஸைத் தவிர்த்து ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்குவதால் வைஃபை நெரிசல் இதைத் தொடுவதில்லை. ஆனால் அதிர்வெண் நாட்டுக்கு நாடு வேறு: இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868.42, அமெரிக்காவில் 908.42. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் இசட்-வேவ் பூட்டு இங்குள்ள ஹப்புடன் பேசாது. அந்த அதிர்வெண்ணை இங்கு உரிமமின்றிப் பயன்படுத்தவும் கூடாது.

புளூடூத்தை வீட்டு வலைப்பின்னலின் முதுகெலும்பாக எண்ண வேண்டாம். 2010-இல் வந்த அதன் குறைந்த மின்செலவு வடிவம், கைப்பேசியை அருகில் கொண்டுபோய் பூட்டைத் திறப்பதற்கும், புதிய கருவிக்கு முதன்முறை வைஃபை விவரங்களை ஊட்டுவதற்கும் மிகவும் ஏற்றது.

த்ரெட்டும் மேட்டரும்

இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழம்புபவர்கள் பலர். த்ரெட் என்பது ஒரு நெட்வொர்க். ஜிக்பீயைப் போலவே 802.15.4 ரேடியோவில் வலைப்பின்னலாக இயங்கும். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும், இணையத்தில் கணினிகளுக்கு உள்ளதுபோல், சொந்தமாக ஐபிவி6 முகவரி உண்டு. மேட்டருக்குத் தனி ரேடியோ கிடையாது. பல்பு எரிய வேண்டும், பூட்டு திறக்க வேண்டும் என்பன போன்ற கட்டளைகளை எல்லா நிறுவனங்களின் கருவிகளும் ஒரே விதத்தில் புரிந்துகொள்வதற்கான விதித்தொகுப்பு அது. வைஃபை, ஈதர்நெட், த்ரெட் ஆகியவற்றின்மேல் ஓடும். அதன் முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வெளியானது. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் ஆகிய நான்கும் இதை ஏற்றதால், எந்தச் செயலியை நம்பி வாங்குவது என்ற பழைய கவலை பெருமளவு குறைந்துள்ளது. இணையம் துண்டிக்கப்பட்டாலும் கட்டளை வீட்டுக்குள்ளேயே போய்ச் சேரும்படி இது வடிவமைக்கப்பட்டிருப்பதே எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சம். கருவி செய்த நிறுவனத்தின் சர்வர் மூடப்பட்டால் பல்பும் பயனற்றுப் போகும் நிலையை ஒருவரும் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

பெட்டியில் மேட்டர் அடையாளம் இருந்தால், அது வைஃபை வழியாகவா, த்ரெட் வழியாகவா என்பதையும் படித்துப் பாருங்கள். த்ரெட் என்றால், அந்தக் கருவிகளை வீட்டு நெட்வொர்க்குடன் இணைக்கும் பார்டர் ரூட்டர் ஒன்று வீட்டில் தேவை. ஆப்பிளின் ஹோம்பாட் மினி, கூகுளின் இரண்டாம் தலைமுறை நெஸ்ட் ஹப், அமேசானின் நான்காம் தலைமுறை எக்கோ ஆகியவற்றுக்குள் அது ஏற்கெனவே உள்ளது. இவற்றில் ஒன்று உங்களிடம் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். வெவ்வேறு நிறுவனங்களின் பார்டர் ரூட்டர்களைக் கலந்து வைத்தால், அவை தனித்தனி த்ரெட் நெட்வொர்க்குகளாகப் பிரிந்து, வலைப்பின்னலின் பலன் குறையக்கூடும். 2024-இல் வந்த த்ரெட் 1.4 பதிப்பு இவற்றை ஒன்றிணைப்பதற்கான வழியைத் தருகிறது. ஆனாலும் இப்போதைக்கு ஒரே நிறுவனத்தினதை வைத்திருப்பது நிம்மதி.

மேட்டர் கருவியை இணைக்கும்போது ரூட்டரில் ஐபிவி6 முடக்கப்படாமல் இருக்க வேண்டும். இணைய நிறுவனம் ஐபிவி6 முகவரி தராவிட்டாலும் பரவாயில்லை; வீட்டுக்குள் அது இயங்கினால் போதும். விருந்தினருக்கான வைஃபையில் மேட்டர் கருவிகளைச் சேர்க்க வேண்டாம். அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும். கைப்பேசியில் புளூடூத்தை இயக்கி, கருவியின்மேல் உள்ள க்யூஆர் குறியீட்டைப் படம்பிடித்தால் இணைப்பு தொடங்கிவிடும். படம்பிடிக்க முடியாவிட்டால் அதன் அருகிலுள்ள 11 இலக்க எண்ணைத் தட்டச்சு செய்யலாம்.

அந்தக் குறியீட்டைப் பற்றி ஒரு வேண்டுகோள். சுவர்ப் பெட்டிக்குள் போகும் சுவிட்சுகளிலும் கூரை விளக்குகளிலும் அது பின்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். மாட்டிய பிறகு கண்ணுக்கே தெரியாது. பொருத்துவதற்கு முன் அதைப் படமெடுத்து, எந்த அறை, எந்தக் கருவி என்று குறித்து, ஓர் இடத்தில் சேமித்து வையுங்கள். கருவியை ஆரம்ப நிலைக்குத் திருப்பி மீண்டும் இணைக்கும் நாளில் அந்த எண் இல்லாவிட்டால் சுவரைத் திறப்பதைத் தவிர வழியில்லை. ஒரே கருவியை இரண்டு செயலிகளில் வைத்துக்கொள்ளவும் மேட்டரில் இடமுண்டு. அதற்கு அச்சிட்ட குறியீட்டை மறுபடி பயன்படுத்தாமல், முதல் செயலியின் அமைப்பில் புதிய குறியீடு ஒன்றை உருவாக்கி, அதை இரண்டாவது செயலியில் இடுங்கள்.

இடமும் மின்தடையும்

கருவி எந்தத் தரமானாலும் இடம் சரியில்லாவிட்டால் பயனில்லை. இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஆகியவை அலையைத் தடுப்பவை. ரூட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளோ மறைத்து வைக்காமல், வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வையுங்கள். ஹப்பை அதன்மீதே வைக்காமல் ஓரிரு மீட்டர் தள்ளி வையுங்கள். இரும்புச் சட்டம் உள்ள கதவில் சென்சாரை ஒட்டும்போது, இடையில் சிறு பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்து உலோகத்திலிருந்து சற்று விலக்கினால் சமிக்ஞை கூடும். அதற்குள் இருக்கும் காந்தமும் ஒழுங்காக வேலை செய்யும். கேமரா வைக்கும் இடத்தில் கைப்பேசியை வைத்து அளந்து பாருங்கள். வைஃபை வலிமை மைனஸ் 67 டிபிஎம் அளவில் இருந்தால் நல்லது (டிபிஎம் சமிக்ஞை வலிமையின் அலகு; மைனஸ் எண் பெரிதாக ஆக வலிமை குறையும்). மைனஸ் 80-ஐ நெருங்கினால் கேமராவை நகர்த்துங்கள், அல்லது அந்தப் பகுதிக்குக் கம்பி இழுத்து, வைஃபை பரப்பும் இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் வையுங்கள்.

மின்சாரம் அடிக்கடி போகும் பகுதியில் இருப்பவர்கள், ஃபைபர் பெட்டி, ரூட்டர், ஹப் ஆகிய மூன்றையும் இன்வெர்ட்டர் இணைப்பிலோ சிறிய யூபிஎஸ்ஸிலோ மாட்டிவிட வேண்டும். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் மற்ற இரண்டால் முழுப் பயன் இல்லை. பல்புகளின் செயலியில், மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பைத் தேடி, முன்பிருந்த நிலைக்கே திரும்பும்படி மாற்றுங்கள்; இல்லையென்றால் நள்ளிரவு மின்தடைக்குப் பிறகு படுக்கையறை விளக்குகள் அனைத்தும் முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கும்.

ரூட்டரை மாற்றும் நாள் வந்தால், புதியதிலும் பழைய நெட்வொர்க் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் இடுங்கள். பாதுகாப்பு வகையையும் அப்படியே வைத்தால் வைஃபை கருவிகள் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். ஜிக்பீ ஹப்பை மாற்றும்போது இந்த எளிமை கிடையாது. அது காப்புப் பிரதி எடுக்க அனுமதித்தால் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். வாடகை வீட்டைக் காலிசெய்யும்போதோ பழைய கேமராவையும் பூட்டையும் விற்கும்போதோ, முதலில் செயலியிலிருந்து அவற்றை நீக்கி, பிறகு கருவியை ஆரம்ப நிலைக்குத் திருப்பி, அதன்பின் கைமாற்றுங்கள். உங்கள் வைஃபை கடவுச்சொல் அந்தக் கருவிக்குள்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது.